எவரெஸ்ட்டில் முதல் அடி யாருடையது? ஊரே தூக்கிக் கொடுத்த பெருமையை வேண்டாமென்ற டென்சிங்

1953 மே 29, காலை 11.30 மணி. எவரெஸ்ட் உச்சியில் இரண்டு பேர் நின்றார்கள். நியூசிலாந்தின் எட்மண்ட் ஹிலாரி ஒருவர், டார்ஜிலிங்கில் இருந்து போன டென்சிங் நார்கே இன்னொருவர். அங்கே எடுத்த புகழ்பெற்ற போட்டோவை நீங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். கையில் உயர்த்திய பனிக்கோடரி, அதில் படபடக்கும் கொடிகள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அந்த உருவம் டென்சிங். போட்டோ எடுத்தவர் ஹிலாரி.

ஹிலாரி உச்சியில் நிற்பது போல ஒரு படம்கூட இல்லை. அதாவது, ஆதாரம் என்று பார்த்தால் எல்லாமே டென்சிங் பக்கம்தான். நான்தான் முதலில் கால் வைத்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோடிக்கணக்கான பேர் நம்பியிருப்பார்கள். ஆனா அவர் சொல்லலை. இரண்டு வருடம் கழித்து அவர் சொன்னது அதற்கு நேர் எதிரான விஷயம்.

இப்போ எதுக்கு இந்தக் கதை?

மலை உலகத்தில் 'முதல்' என்ற வார்த்தைக்கு இன்னும் சண்டை ஓயவில்லை. உச்சிக்கு ஏறுவது பழைய கதை ஆகிவிட்டது. இப்போதைய போட்டி, உச்சியிலிருந்து பனிச்சறுக்கு செய்துகொண்டே கீழே இறங்குவது. செங்குத்தான பனிச் சரிவு, ஒரு திருப்பம் தப்பினால் நேராக மரணம். அந்த மாதிரி ஒரு பாதையில் முதல்முறையாக இறங்கியவர் யார் என்பதுதான் அங்கே பெரிய பட்டம்.

எவரெஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். 1970-ல் ஜப்பானின் யூச்சிரோ மியூரா சுமார் 8,000 மீட்டர் உயரத்திலிருந்து, முதுகில் பாராசூட் கட்டிக்கொண்டு சறுக்கினார். பாதியில் விழுந்து, உருண்டு, அதிர்ஷ்டவசமாகப் பிழைத்தார். அவர் கிளம்பியது உச்சியிலிருந்து இல்லை. 1996-ல் இத்தாலியின் ஹான்ஸ் கம்மர்லாண்டர் உச்சிக்குப் போய்விட்டு வடக்குப் பக்கமாக இறங்கினார். ஆனால் பனி இல்லாத இடங்களில் ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டியிருந்தது. 2000 அக்டோபர் 7 அன்று ஸ்லோவேனியாவின் தாவோ கார்னிச்சார் உச்சியிலிருந்து பேஸ் கேம்ப் வரை ஸ்கீயைக் கழற்றாமலே வந்து சேர்ந்தார். 2025 செப்டம்பரில் போலந்தின் ஆந்திரே பார்கியேல் சிலிண்டர் ஆக்சிஜனே இல்லாமல் ஏறி, அதேபோல முழுசாகச் சறுக்கி இறங்கினார்.

இதில் 'எவரெஸ்ட்டிலிருந்து முதலில் சறுக்கியவர்' யார்? பதில், நீங்கள் போடும் நிபந்தனையைப் பொறுத்தது. உச்சியிலிருந்தா? முழு தூரமா? ஸ்கீயைக் கழற்றாமலா? ஆக்சிஜன் இல்லாமலா? ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு 'முதல்' உண்டு. நிபந்தனையைச் சொல்லிவிட்டு உரிமை கோரினால் அது சாதனை. அதை மறைத்துவிட்டு 'முதல்' என்று மட்டும் சொன்னால் பாதிப் பொய்.

வடசென்னைக்காரர்களுக்கு இது புரிவது ஈஸி. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. அது இந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்று யாராவது சொன்னால் தப்பு, மும்பையிலும் கொல்கத்தா பக்கமும் அதற்கு முன்னாடியே ரயில் ஓடிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்று சொன்னால் சரி. அந்த 'தென்னிந்தியாவின்' என்ற ஒரு வார்த்தையை விட்டால் பெருமை கூடும், உண்மை போய்விடும்.

மலைக்குப் பெயர் வைத்ததே ஒரு கிரெடிட் பஞ்சாயத்து

அதே 1856-ல்தான் இன்னொரு அறிவிப்பும் வந்தது. 'பீக் 15' என்று குறிக்கப்பட்டிருந்த ஒரு சிகரம்தான் உலகத்திலேயே உயரமானது, 29,002 அடி என்று பிரிட்டிஷ் இந்திய நில அளவைத் துறை வெளியிட்டது. இந்த அளவை வேலையின் முதல் கோடு 1802-ல் போடப்பட்டது எங்கே தெரியுமா? நம்ம சென்னை பரங்கிமலையில். வில்லியம் லாம்ப்டன் அங்கே ஆரம்பித்த அளவை, ஐம்பது வருடத்தில் இமயமலை வரை போய்ச் சேர்ந்தது.

உயரத்தைக் கணக்குப் போட்டதில் பெரிய பங்கு வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தாருடையது. 1865-ல் அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தபோது அது முன்னாள் சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர் ஆனது. திபெத்தியர்கள் காலம் காலமாகச் சொல்லிவந்த சோமோலுங்மா என்ற பெயர் பின்னால் போய்விட்டது. உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர் என்ற கதை, ஏறுவதற்கு முன்னாலேயே அந்த மலையில் ஆரம்பித்துவிட்டது.

சுமைதூக்கியாகத் தொடங்கிய வாழ்க்கை

டென்சிங் பிறந்தது 1914 வாக்கில். பிறந்த இடம் திபெத்தின் கார்ட்டா பள்ளத்தாக்கு என்றும் நேபாளத்தின் தாமே கிராமம் என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. அப்பா யாக் மேய்ப்பவர். பதின்மூன்று பிள்ளைகளில் பதினொன்றாவது பிள்ளை இவர். கூடப் பிறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. பிறகு ஒரு லாமா சொன்னபடி டென்சிங் நார்கே என்று மாற்றினார்கள்.

பள்ளிக்கூடம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பல மொழிகள் பேசுவார். பதினெட்டு வயது வாக்கில் வீட்டைவிட்டுக் கிளம்பி டார்ஜிலிங் வந்தார். அந்தக் காலத்தில் மலையேறும் குழுக்கள் ஆள் எடுக்கும் இடம் அது. துறைமுகத்தில் கப்பல் வந்தால் வேலை என்று காத்திருந்த தலைமுறையை நம் வடசென்னைக்குத் தெரியும். டார்ஜிலிங்கில் கப்பலுக்குப் பதில் வெள்ளைக்காரர்களின் எக்ஸ்பெடிஷன், அவ்வளவுதான் வித்தியாசம். மூட்டையைத் தூக்குபவர்களுக்குக் கூலி உண்டு, வரலாற்றில் பெயர் கிடையாது.

1935-ல் எரிக் ஷிப்டன் தலைமையிலான எவரெஸ்ட் ஆய்வுக் குழுவுக்குக் கடைசி நேரத்தில் ஆள் தேவைப்பட்டது. அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் டென்சிங். 1936, 1938 என்று அடுத்தடுத்த குழுக்களிலும் போனார். 1938-ல் மிக உயரத்தில் சுமை கொண்டுபோன ஷெர்பாக்களுக்குத் தரும் 'டைகர்' பதக்கம் கிடைத்தது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் மலை வேலை நின்றது. இன்றைய பாகிஸ்தானின் சித்ராலில் ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலை பார்த்தார். அங்கேதான் 1944-ல் மனைவி தாவா புட்டி இறந்தார். இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு டார்ஜிலிங் திரும்பினார் டென்சிங். பிறகு அங் லாமுவைத் திருமணம் செய்துகொண்டார்.

1947-ல் ஒரு விசித்திர முயற்சி. ஏர்ல் டென்மன் என்ற கனடாக்காரர் அனுமதி எதுவும் இல்லாமல், திபெத்துக்குள் ரகசியமாக நுழைந்து எவரெஸ்ட் ஏறலாம் என்று கூப்பிட்டார். புத்திசாலி யாரும் ஒத்துக்கொள்ளாத திட்டம். டென்சிங் ஒத்துக்கொண்டார். வழியில் புயல், திரும்பிவிட்டார்கள். கூலிக்காக மட்டும் மலைக்குப் போகிற ஆளாக அவர் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இறங்கும்போது காணாமல் போனவர்கள்

1951-ல் ஒரு பிரெஞ்சுக் குழு நந்தாதேவிக்கு வந்தது. அவர்களுடைய ஆசை ரொம்பப் பெரியது. நந்தாதேவியின் முக்கியச் சிகரத்தில் ஏறி, உச்சி விளிம்பு வழியாகவே நடந்து கிழக்குச் சிகரத்தில் இறங்க வேண்டும். யாருமே செய்யாத பாதை. ரோஜர் துப்லா, ஜில்பெர் விஞ்ஞ் இருவரும் கிளம்பினார்கள். திரும்பி வரவே இல்லை.

அவர்களைத் தேடி டென்சிங்கும் லூயி துபோஸ்ட்டும் கிழக்குச் சிகரத்தில் ஏறினார்கள். உச்சி வரை போயும் யாரும் தென்படவில்லை. தன் வாழ்க்கையிலேயே கடினமான ஏற்றம் எவரெஸ்ட் இல்லை, இதுதான் என்று டென்சிங் பின்னாட்களில் சொல்லிவந்தார். அன்று அவர் போனது சாதனைக்காக இல்லை, ஆள் தேடுவதற்காக.

ஏறுவது பாதி வேலைதான், இறங்கினால்தான் கணக்கு முடியும் என்ற எண்ணம் மலையேறுபவர்களிடம் பலமாக உண்டு. 1924-ல் எவரெஸ்ட்டில் காணாமல் போன மல்லோரி, இர்வின் இருவரும் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்வி இன்றைக்கும் இருக்கிறது. தொட்டிருந்தாலும், திரும்பி வராதவர்களுக்கு அந்த 'முதல்' போகுமா என்று விவாதிப்பவர்கள் உண்டு. பனிச்சறுக்கில் இறங்குபவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

கயிற்றின் இரண்டு முனைகள்

1952-ல் ஸ்விட்சர்லாந்து குழு வந்தபோது டென்சிங்கின் நிலை மாறியது. ஷெர்பாக்களின் தலைவராக மட்டும் இல்லாமல், ஏறும் அணியின் முழு உறுப்பினராகவே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ரேமண்ட் லம்பேர், டென்சிங் ஜோடி சுமார் 8,400 மீட்டரில் ஒரு சின்ன டென்ட்டில் ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் ராத்திரியைக் கழித்தது. அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்தி நெருப்பில் பனியை உருக்கித்தான் தண்ணீர். மறுநாள் சுமார் 8,600 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு உயரம் போய்த் திரும்பியதாகப் பதிவு இல்லை. அன்றைக்குத் தாங்கள் அங்கே சமமான நண்பர்களாக இருந்ததை டென்சிங் கடைசிவரை மறக்கவில்லை. லம்பேர் கொடுத்த சிவப்பு ஸ்கார்ஃபைத்தான் அடுத்த வருடம் எவரெஸ்ட் உச்சியில் கழுத்தில் சுற்றியிருந்தார்.

1953 பிரிட்டிஷ் குழு வேறு மாதிரி. காத்மாண்டு தூதரகத்தில் ஆங்கிலேய உறுப்பினர்களுக்கு அறைகள், ஷெர்பாக்களுக்குக் கழிப்பறை வசதி இல்லாத கராஜ். ஷெர்பாக்கள் கோபப்பட்டார்கள், மறுநாள் காலை கராஜுக்கு வெளியே சாலையிலேயே சிறுநீர் கழித்து எதிர்ப்பைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் பேசிச் சமாளிக்கிற வேலை டென்சிங் தலையில் விழுந்தது.

ஜான் ஹண்ட் தலைமையிலான அந்தப் பயணத்தில் 350-க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளும் சுமார் 20 ஷெர்பாக்களும் இருந்தார்கள். கீழ்ப்பகுதியில் ஒரு பனிப்பிளவைத் தாண்டும்போது ஹிலாரியின் காலடிப் பனி உடைந்தது. அவர் உள்ளே விழ, மறுமுனையில் இருந்த டென்சிங் கோடரியைப் பனியில் குத்திக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் ஹிலாரிக்கு இவர்தான் தன் ஜோடி என்ற எண்ணம் உறுதியானது.

மே 26 அன்று முதல் ஜோடியாகப் போன போர்டில்லன், எவன்ஸ் இருவரும் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே தெற்குச் சிகரத்திலிருந்து திரும்பினார்கள். ஆக்சிஜன் கருவி கோளாறு, களைப்பு, நேரமும் போய்விட்டது. மூன்று நாள் கழித்து ஹிலாரி, டென்சிங்.

உச்சியில் இருந்தது சுமார் கால் மணி நேரம். ஹிலாரி கை கொடுத்தார், டென்சிங் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா என்று நான்கு கொடிகள். டென்சிங் பனியில் சின்னக் குழி தோண்டி இனிப்புகளையும், மகள் நிமா கொடுத்தனுப்பிய ஒரு பென்சிலையும் வைத்தார்.

கீழே காத்திருந்த கேள்வி

மலையில் யாரும் கேட்காத கேள்வியை ஊர் கேட்டது. யார் முதலில்?

காத்மாண்டு வந்தபோது நேபாள மக்கள் பேனர் கட்டி வைத்திருந்தார்கள். உச்சியில் நிற்கும் டென்சிங், கீழே தொங்கும் ஹிலாரியைக் கயிற்றால் இழுக்கிற மாதிரி ஓவியம். நேபாளம் அவரை எங்கள் ஆள் என்றது. இந்தியாவும் எங்கள் ஆள் என்றது. பிரிட்டனில் அது இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவுக்கான பரிசாகப் பார்க்கப்பட்டது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு மனிதர் முன்னால் ஆளாளுக்குக் காகிதத்தை நீட்டினார்கள். இந்தியா விடுதலை அடைந்து ஆறு வருடம்கூட முழுசாக ஆகாத நேரம் அது. ஆசியக்காரன் ஐரோப்பியனை முந்தினான் என்ற ஒரு வரிக்காக மக்கள் ஏங்கினார்கள்.

இன்னொரு பக்கம், வழிகாட்டிதானே என்று அவரைச் சின்னதாக்கும் பேச்சும் வந்தது. ஹண்ட்டுக்கும் ஹிலாரிக்கும் 'சர்' பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல். டென்சிங் இடத்தில் இருக்கும் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் நான்தான் முதல் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம், யோசித்துப் பாருங்கள்.

அவர் சொல்லவில்லை. நேபாளப் பிரதமர் அலுவலகத்தில் டென்சிங்கும் ஹிலாரியும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சியை அடைந்தோம் என்பது அதன் சாரம். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் இரண்டு பேரில் யார் முன்னால், யார் பின்னால் என்பது அந்தந்த நிமிடத்தின் வசதி. முன்னால் போகிறவர் படி வெட்டுவார், பின்னால் இருப்பவர் அவர் விழுந்தால் பிடிப்பார். பின்னால் இருப்பவர் இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் இல்லை. மலையேறுபவர்களுக்கு இது தெரியும், பத்திரிகைகளுக்கு இது தலைப்பு ஆகாது.

'ஏறக்குறைய' என்ற வார்த்தையை வைத்தே சந்தேகம் கிளம்பியது. 1955-ல் ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுத, டென்சிங் சொல்லச் சொல்ல அவருடைய வாழ்க்கைக் கதை புத்தகமாக வந்தது. அதில் அந்த முடிச்சை அவரே அவிழ்த்தார். கயிறு முப்பது அடி, ஆனால் பெரும்பகுதியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்ததால் இருவருக்கும் இடையே ஆறடிதான் இடைவெளி. முதலில் கால் வைத்தது ஹிலாரி. பின்னாலேயே தான். உண்மை அதுதான், இரண்டாவதாக வந்தது அவமானம் என்றால் அந்த அவமானத்தோடு வாழ்ந்துவிட்டுப் போகிறேன் என்கிற தொனியில் அந்தப் பகுதி இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஹிலாரியும் அலட்டிக்கொள்ளவில்லை. உச்சியில் டென்சிங்கைத்தான் படமெடுத்தார், தன்னை எடுக்கச் சொல்லவில்லை. தான்தான் முதலில் கால் வைத்தேன் என்பதை அவர் நேரடியாக எழுதியது 1999-ல், டென்சிங் இறந்து பதின்மூன்று வருடம் ஆன பிறகு. தன் உரிமையை விட்டுத் தள்ளி நின்றவர்கள் இரண்டு பேருமே.

பிறகு என்ன ஆனார்?

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலயன் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் களப் பயிற்சி இயக்குநர் பொறுப்பை டென்சிங் ஏற்றார். சுமைதூக்கியாக வந்தவரிடம் அதிகாரிகளும் மாணவர்களும் மலையேற்றம் கற்றார்கள். 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது. இருபது வருடத்துக்கும் மேல் அங்கே வேலை பார்த்து, 1976-ல் ஓய்வுபெற வைக்கப்பட்டபோது அவருக்கு வருத்தம் இருந்தது. பிறகு சொந்தமாக மலைப்பயண நிறுவனம் நடத்தினார். 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் இறந்தார். அப்போது இந்தியாவில் நியூசிலாந்து தூதராக இருந்த ஹிலாரி இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்.

1996-ல் டென்சிங்கின் மகன் ஜம்லிங் எவரெஸ்ட் ஏறினார். புளூட்டோவில் உள்ள மலைத்தொடர்களுக்கு 2017-ல் பெயர் சூட்டியபோது ஒன்றுக்கு டென்சிங், இன்னொன்றுக்கு ஹிலாரி என்று வைத்தார்கள். அங்கே உயரமானது டென்சிங் மலைதான்.

இன்றைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கு?

2016-ல் மகாராஷ்டிர போலீஸில் வேலை பார்த்த ஒரு தம்பதி எவரெஸ்ட் ஏறிவிட்டோம் என்று அறிவித்தார்கள். மற்றவர் எடுத்த போட்டோவை மார்ஃப் செய்தது தெரியவந்ததும் நேபாள அரசு அவர்களுக்கு 10 ஆண்டு தடை விதித்தது. டென்சிங் கையில் இருந்தது உண்மையான போட்டோ. அதை வைத்து அவர் பொய் சொல்லவில்லை. இப்போது ஜிபிஎஸ், ட்ரோன், ஹெல்மெட் கேமரா எல்லாம் வந்துவிட்டன. இடமும் நேரமும் பதிவாகிவிடும். ஆனால் கயிறு கட்டியது யார், வழி போட்டது யார், எந்த இடத்தில் ஸ்கீயைக் கழற்றினாய் என்பதை அந்த ஆளேதான் சொல்ல வேண்டும்.

மியூராவின் 1970 சறுக்கலைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. அதே பயணத்தில் கும்பு பனிப்பகுதியில் ஆறு ஷெர்பாக்கள் இறந்தார்கள். 2014 ஏப்ரலில் அதே கும்புவில் பனிச்சரிவு 16 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றது. யாருக்கோ பாதை போடப் போனவர்கள் அவர்கள். 'முதல்' என்று எழுதும்போது இந்தக் கணக்கும் சேர வேண்டும்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. 2021 ஜனவரி 16, குளிர்காலத்தில் யாருமே ஏறாத கே2 சிகரம். பத்து நேபாள வீரர்கள் உச்சிக்குச் சில மீட்டர் கீழே நின்றார்கள். முன்னால் வந்தவர்கள் பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருந்தார்கள். பத்து பேரும் சேர்ந்த பிறகு, தேசிய கீதத்தோடு ஒன்றாக நடந்து உச்சியில் ஏறினார்கள்.

அந்தப் பத்து பேரில் யார் முதல் என்று இன்றுவரை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டென்சிங்குக்கு ஊர் விடாமல் கேட்ட கேள்வியை அவர்கள் மலையிலேயே முடித்துவிட்டு இறங்கினார்கள்.